ஊர் மனத்தில் இருப்பதை எப்படிக் கேட்பது? சாதி, இனம் பற்றிக் கருத்தறிய ஆறு வழிகள்: ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு மூன்று கடிதங்கள் வந்தன. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாசகர் வட்டம் நடத்தும் இளைஞர்கள், சாதி மறுப்புத் திருமணத்தைப் பற்றித் தங்கள் ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பிரச்சாரத்தைத் தொடங்க நினைக்கிறார்கள். ஆறு பேர், கையில் நாற்பதாயிரம் ரூபாய். அடுத்தவர் சமூகவியல் முதுகலை மாணவி. ஆய்வேட்டை முடிக்க மூன்று மாதம் இருக்கிறது. மூன்றாமவர் சிங்கப்பூரில் வாடகை அறை தேடி அலைந்த பொறியாளர். 'இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை' என்ற பதில் பத்தில் எத்தனை வீடுகளில் வருகிறது என்று கணக்கெடுக்க விரும்புகிறார்.

மூவருக்கும் நண்பர்கள் சொன்ன யோசனைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீடு வீடாகப் போ என்கிறார் ஒருவர். நேரில் யார் உண்மை சொல்வார்கள், தொலைபேசியில் கேள் என்கிறார் இன்னொருவர். பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசவிடு என்பவரும் உண்டு. கேட்கவே வேண்டாம், சோதித்துப் பார் என்பவரும் உண்டு. பல ஆண்டுகள் வினாத்தாளோடு தெருக்களில் நடந்தவன் என்ற முறையில், எது எப்போது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்த வழியில் கேட்டால் மனிதர்கள் உள்ளதைச் சொல்வார்களா என்பது. குடிநீர் வருகிறதா, ரேஷன் அரிசி நன்றாக இருக்கிறதா என்று கேட்கும்போது இந்தச் சிக்கல் கிடையாது. சாதியையும் இனத்தையும் பற்றிக் கேட்டால் கேள்வி முடியும் முன்பே பதிலளிப்பவருக்குச் 'சரியான' விடை தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1958இல் கேட்டபோது 4 சதவீதம் பேர் ஏற்றார்கள். 2021இல் 94 சதவீதம். இந்த மாற்றத்தில் பெரும்பகுதி உண்மையானது என்றே நம்புகிறேன், ஏனென்றால் திருமணங்களும் கூடியிருக்கின்றன: புதுமணத் தம்பதியரில் இனம் கடந்து மணந்தவர்கள் 1967இல் 3 சதவீதம், 2015இல் 17 சதவீதம். ஆனால் அலபாமா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இனக்கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் பழைய விதி அந்த மாநில அரசியலமைப்பில் எழுத்தளவில் இருந்தது. 1967ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதற்கு உயிரில்லை. அதை நீக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். நீக்கினாலும் நீக்காவிட்டாலும் எந்தத் திருமணமும் நிற்கப்போவதில்லை. அப்படியிருந்தும் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். நாடு தழுவிய கணிப்பையும் ஒரு தென்மாநில வாக்கெடுப்பையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, சரிதான். ஆனாலும் திரைமறைவில் தனியாக நின்றால் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே இருக்கிறது. 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்று பள்ளிப் பாடநூலில் அச்சிட்டிருப்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. இன்று பெரும்பாலோர் பெயரில் பட்டம் இல்லை. இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். ஆனால் கணக்கெடுப்பவருக்கு இதனால் ஒரு தொல்லை: விடை எல்லோருக்கும் மனப்பாடம்.

அடுத்த அளவுகோல், யார் விடுபடுகிறார்கள் என்பது. அதற்கடுத்து பணமும் நாளும் ஆளும். நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இந்த ஆய்வால் யாருக்குத் தீங்கு வரும்? கேள்வி கேட்டவர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள்; பதில் சொன்னவர் அதே தெருவில்தான் இருக்கப்போகிறார். கடைசியாக, கிடைத்ததை வைத்து என்ன சொல்ல முடியும் என்பது. 'எங்கள் ஊரில் இத்தனை சதவீதம்' என்று சொல்ல வேண்டுமா, 'இப்படி நடக்கிறது' என்று காட்டினால் போதுமா? இதை முடிவுசெய்யாமல் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

## 1. வீடு வீடாகச் சென்று கேட்பது

நூறில் இத்தனை பேர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல உதவும் முதன்மையான வழி இதுதான். வாக்காளர் பட்டியலை எடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களையே தேடிப்போய்க் கேட்க வேண்டும். 400 பேரை இப்படிச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் முடிவு ஐந்து சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கும். 1,000 பேர் என்றால் மூன்று புள்ளி. வீட்டில் இருப்பவரைக் கேட்டுவிட்டு வரும் பழக்கம் மட்டும் கூடாது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஊர் முழுவதற்கும் பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 நவம்பருக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையே இந்தியாவில் 17 மொழிகளில் 29,999 பேரை நேரில் கண்டு கேட்டது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கச் சம்மதமா என்ற கேள்விக்கு, பட்டியல் சாதியினர் அல்லாதோரில் 72 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். அதே கணிப்பில், தங்கள் சமூகப் பெண்கள் வேறு சாதியில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64 சதவீதம். முதல் எண்ணை மட்டும் எடுத்து ஒரு செய்தி எழுதலாம். இரண்டாவதை மட்டும் எடுத்து அதற்கு நேர்மாறான செய்தி எழுதலாம்.

நான் மிகவும் மதிக்கும் கேள்வி வடிவம் இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2011-12இல் நாற்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடந்தது அது. வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ சரியா என்று அடுத்துக் கேட்டார்கள். தீண்டாமை என்ற சொல்லுக்கு மனப்பாட விடை உண்டு, சமையலறைக்குக் கிடையாது. இரண்டு கேள்விகளையும் சேர்த்து 27 சதவீதக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. கருத்தைக் கேட்காதீர்கள், வீட்டுக்குள் நடப்பதைக் கேளுங்கள் என்று எங்கே போனாலும் நான் சொல்வது இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான்.

இனி மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். கேட்பவர் யார் என்பது பதிலை மாற்றிவிடும். 1942இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கறுப்பின மக்களிடம், ராணுவம் கறுப்பினத்தவரை நியாயமாக நடத்துகிறதா என்று கேட்டார்கள். கறுப்பினத்தவர் கேட்டபோது 35 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். வெள்ளையர் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 11 சதவீதம்தான். நம் ஊரில் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாதே என்று நினைக்கலாம். திண்ணையில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று மூன்று கேள்விகள் வந்துவிடும். வினாத்தாளை நாம் பிரிக்கும் முன்பே நம்மைப் பற்றிய கணக்கெடுப்பு முடிந்துவிடுகிறது.

ஒருமுறை நானும் என்னோடு வேலை செய்த பெண்ணும் ஒரு வீட்டுக்குப் போனோம். மரியாதையாக வரவேற்றார்கள். வழக்கமான மூன்று கேள்விகளும் வந்தன. இருவரும் மறைக்காமல் சொன்னோம். சிறிது நேரத்தில் தண்ணீர் வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளரில். அவருக்குக் காகிதக் குவளையில். அந்த வீட்டுப் பெரியவர் 'இப்போதெல்லாம் எங்கள் ஊரில் அப்படி எதுவும் கிடையாது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வினாத்தாளில் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவர் சொன்ன பதில் அதுதான். அதை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. என் தோழி தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தார். அன்றைய கூலியில் அதற்கு ஈடு ஏதும் இருக்கவில்லை. கேள்வி கேட்கப் போகிறவருக்கு இப்படியும் நேரும் என்பதைத் திட்டமிடும்போதே மனத்தில் வையுங்கள்.

ஆள்கணக்கு: அரைமணி நேர வினாத்தாள் என்றால் ஒருவர் ஒரு நாளில் எட்டு முதல் பத்து வீடு முடிக்கலாம். பூட்டிய வீட்டுக்கு மறுபடி போவதையும் சேர்த்து 400 பேருக்கு நான்கு பேர் பன்னிரண்டு நாள் உழைக்க வேண்டும்.

ஊர் முழுவதற்குமான எண் தேவைப்படும்போது, பின்னால் மீண்டும் கேட்டு மாற்றத்தை அளக்கும் எண்ணம் இருக்கும்போது, இதற்கு நிகரான வழி இல்லை.

## 2. தொலைபேசியில் கேட்பது

முகம் தெரியாது, பயணச் செலவு இல்லை, ஒரே அறையில் உட்கார்ந்து கண்காணிக்கலாம். அந்நியக் குரலிடம் கூச்சம் குறையும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. வட இந்தியாவில் 2016 முதல் தொலைபேசி வழியே நடந்த ஒரு சமூக மனப்பான்மை ஆய்வில், கிராமப்புற உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பட்டியல் சாதியினர் அல்லாத இந்துப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிப்பதாகச் சொன்னார்கள்.

இந்த முடிவை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். தொலைபேசியில் வாய் திறக்கிறார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, அங்கே பலருக்கு இதைச் சொல்ல வெட்கமே இல்லை என்பது. வெட்கம் இல்லாத இடத்தில் நேரடிக் கேள்வியே போதும். சுற்றி வளைக்கும் தந்திரங்களுக்குப் பணத்தை வீணாக்க வேண்டாம். அதே முறை தமிழ்நாட்டில் அதே வெளிப்படையான பதிலைத் தரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதில் விடுபடுபவர்கள் அதிகம். பல வீடுகளில் செல்பேசி ஆண்கள் கையில் இருக்கிறது. பெண்ணிடம் கொடுங்கள் என்றால் கணவர் ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தெரியாத எண் என்றாலே கடன் விளம்பரம் என்று துண்டிப்பவர்கள் ஏராளம். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். முகம் தெரியாவிட்டாலும் வட்டார வழக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

மாவட்டம் முழுவதும், மாநிலம் முழுவதும் பரந்த ஆய்வுக்கு இது பொருந்தும். ஒரே ஊருக்குள் தொலைபேசிக் கணிப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓர் ஊருக்கு மட்டும் எண்களின் முழுப் பட்டியல் எங்கே கிடைக்கும்?

## 3. பட்டியல் முறை: எத்தனை என்று மட்டும் கேட்பது

கேள்விப்பட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடும் முறை இது. தேர்ந்தெடுத்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியினரிடம் எரிச்சலூட்டக்கூடிய மூன்று செய்திகளைப் படித்து, 'எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை உங்களுக்குக் கோபம் தருகின்றன என்று மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். மறுபாதியினரிடம் அதே மூன்றோடு நான்காவதாக நாம் அறிய விரும்பும் செய்தி. இரு பாதிகளின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு, நான்காவது செய்திக்குக் கோபப்படுவோரின் பங்கு. தனிமனிதர் யாரும் காட்டிக்கொடுக்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுக் கணிப்பு ஒன்றில் பெட்ரோல் வரி உயர்வு, விளையாட்டு வீரர்களின் கோடிக்கணக்கான சம்பளம், பெருநிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் கெடுப்பது என்ற மூன்றோடு, பக்கத்து வீட்டுக்குக் கறுப்பினக் குடும்பம் குடிவருவதை நான்காவதாகச் சேர்த்தார்கள். தென்மாநில வெள்ளையரில் 42 சதவீதம் பேருக்கு அது கோபம் தருகிறது என்று கணக்கு வந்தது. முகத்துக்கு நேரே கேட்டுப் பெறக்கூடிய எண் இல்லை அது.

ஆனால் இதன் விலை எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறது. நேரடிக் கேள்வியில் 1,000 பேரிடம் கேட்டால் மூன்று புள்ளிதான் முன்பின். பட்டியல் முறையில் அதே 1,000 பேரை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து, கோபம் தரும் செய்திகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் ஒன்று கூடிக் குறைவதாக வைத்துக் கணக்கிட்டால், முன்பின் பன்னிரண்டு புள்ளி ஆகிறது. அதாவது 30 சதவீதம் என்று வந்தால் உண்மை 18ஆகவும் இருக்கலாம், 42ஆகவும் இருக்கலாம். மூன்று புள்ளிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 16,000 பேர் தேவை. ஆறு இளைஞர்கள் கொண்ட வாசகர் வட்டம் இதைத் தொடவே வேண்டாம். போதாததற்கு, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள் என்றால் நம் மக்கள் கேட்பதில்லை. 'முதலாவது சரி, இரண்டாவது அநியாயம்' என்று ஒவ்வொன்றாக விளக்கிவிடுவார்கள். பிறகு அந்தத் தாளைக் கிழிக்க வேண்டியதுதான்.

## 4. குழுவாக உட்காரவைத்துப் பேசுவது

எட்டுப் பத்துப் பேர், இரண்டு மணி நேரம், தேநீர். செலவு குறைவு. சதவீதம் எதுவும் கிடைக்காது. ஆனால் மனிதர்கள் எந்தச் சொற்களால் யோசிக்கிறார்கள் என்பது இங்கேதான் தெரியும். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகு என் வினாத்தாளில் பாதியை மாற்றினேன். 'சாதி மறுப்புத் திருமணம்' என்று நான் எழுதியிருந்ததை அவர்கள் யாரும் சொல்லவில்லை. 'ஓடிப்போனது' என்றுதான் சொன்னார்கள். ஒரே நிகழ்வுதான், ஆனால் பெயர் மாறும்போதே தீர்ப்பும் வந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஊர்த்தெருவையும் காலனியையும் சேர்த்து ஒரே குழுவாக உட்காரவைக்காதீர்கள். சமத்துவம் என்று நினைத்து நல்ல மனத்தோடு செய்கிறார்கள். நடப்பது என்னவென்றால் நிலம் வைத்திருப்பவர் பேசுவார், அவர் நிலத்தில் வேலைக்குப் போகிறவர் தலையாட்டுவார். தப்பித்தவறி உண்மையைச் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. தனித்தனியாகப் பேசுங்கள். பெண்களோடு தனியாக, இளைஞர்களோடு தனியாக.

வினாத்தாள் எழுதும் முன் இதைச் செய்வது நல்லது; ஓர் எண் கிடைத்து அதன் காரணம் புரியாதபோதும் இதுதான் கைகொடுக்கும்.

## 5. கேட்காமல் சோதிப்பது

சொல்வதும் செய்வதும் வேறு என்பதற்குச் சமூக அறிவியலில் பழைய சான்று ஒன்று உண்டு. ரிச்சர்டு லாபியர் என்ற பேராசிரியர் 1930களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றினார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாட்டோம் என்றார்கள். இங்கே சொல் மோசம், செயல் பரவாயில்லை. நம் கதை பெரும்பாலும் தலைகீழ்.

இன்றைய சோதனைகள் கட்டுப்பாடு மிகுந்தவை. தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணுகிறார்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பி 2004இல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பெயர்களுக்கு 50 சதவீதம் கூடுதல் அழைப்பு வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பி 2007இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. மலேசியாவில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், சீனப் பெயருள்ள விண்ணப்பங்களில் 22 சதவீதத்துக்கும், மலாய்ப் பெயருள்ளவற்றில் 4 சதவீதத்துக்கும் அழைப்பு வந்தது.

தமிழ்நாட்டில் சாதியை இந்த வழியில் அளப்பது கடினம். பட்டத்தை விட்டுவிட்டு முதலெழுத்தை மட்டும் வைத்திருக்கும் பெயரில் சாதி தெரியாது. மதத்தை அளக்கலாம். வாடகை வீட்டில் 'நீங்கள் சைவமா?' என்ற கேள்வி எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம். சென்னையில் வீடு தேடியவர்களுக்கு அந்தக் கேள்வியின் உட்பொருள் தெரியும். சிங்கப்பூர் நண்பருக்கோ இதுவே மிகப் பொருத்தமான வழி. அங்கே பெயரே இனத்தைச் சொல்லிவிடும். இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே வாடகை விளம்பரங்கள் வந்திருக்கின்றன.

மறைந்த செலவு அறம் சார்ந்தது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் சம்மதிக்காத சோதனை இது. அவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம், பொய்ப்பெயர் சொல்கிறோம். ஆகவே ஒரே வீட்டாரை ஒருமுறைக்கு மேல் தொல்லை செய்யாதீர்கள். எந்தத் தனி வீட்டுக்காரரின் பெயரையும் வெளியிடாதீர்கள். சிங்கப்பூரில் இன நல்லிணக்கம் தொடர்பான சட்டங்கள் கடுமையானவை. வெளியிடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

## 6. பார்த்து எண்ணுவது

இதற்கு யாரும் ஆய்வு என்ற மதிப்பைத் தருவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை? வரி கேட்காத வீடு ஊர்க்கணக்கில் இல்லாத வீடு. தேர் எந்தத் தெருவரை வந்து திரும்புகிறது? சுடுகாடு எத்தனை, போகும் பாதை எது? முடிதிருத்தும் கடையில் யாருக்கு முடி வெட்டுவதில்லை? பள்ளி விட்டு வரும் மாணவர் கையில் என்ன நிறக் கயிறு? சாதியைக் காட்டும் இந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்த அளவுக்கு அது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம்.

பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஒரு திருவிழாப் பருவம் முழுவதும் காத்திருக்க நேரிடலாம். தலைக்குள் இருக்கும் கருத்தை இது சொல்லாது. அடையாளங்கள் இடம் மாறுவதையும் கவனிக்க வேண்டும்: தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையை எண்ணிக்கொண்டிருந்தோம், இப்போது எல்லோருக்கும் காகிதக் குவளை வந்துவிட்டது. அது வழக்கம் ஒழிந்ததற்கான சான்றா, மறைந்துகொண்டதற்கான சான்றா என்று கடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் பார்க்க வேண்டும்.

அரசுப் பதிவேடுகளும் இந்த வகைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில் உங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் உதவி பெற்றார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். ஒளிந்து வாழும் இணையர் அதில் இருக்கக்கூடும்.

## ஒரே பார்வையில்

| வழி | உள்ளதைச் சொல்வார்களா | விடுபடுபவர் | செலவு | ஆபத்து | சிறப்பாகப் பொருந்துவது |
|---|---|---|---|---|---|
| வீடு வீடாக | கேள்வியையும் கேட்பவரையும் பொறுத்தது | வேலைக்கு வெளியூர் போனவர் | அதிகம் | கேட்பவர் அவமதிக்கப்படலாம் | ஊருக்கான சதவீதம் |
| தொலைபேசி | ஓரளவு | பெண்கள், முதியோர் | நடுத்தரம் | குறைவு | மாவட்டம், மாநிலம் |
| பட்டியல் முறை | பெரும்பாலும் | நேரில் கேட்பதைப் போலவே | மிக அதிகம் | மிகக் குறைவு | வெட்கம் மிகுந்த கேள்வி, பெரிய மாதிரி |
| குழு உரையாடல் | ஒத்த குழுவில் ஆம் | வாய் திறக்காதவர் | குறைவு | கலந்த குழுவில் மிக அதிகம் | சொற்கள், காரணங்கள் |
| சோதனை | செயலே பதில் | பெயரில் அடையாளம் இல்லாதோர் | நடுத்தரம் | சட்டம், அறம் | வேலை, வாடகை |
| பார்த்து எண்ணுவது | செயலே பதில் | மறைவாக நடப்பவை | நேரம் மட்டும் | குறைவு | தொடக்கம் |

இணையத்தில் வாக்குப்பதிவுப் பெட்டி வைப்பதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1936இல் அமெரிக்க வார இதழ் ஒன்று ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, அதிபர் தேர்தலில் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் அறுபது சதவீதத்துக்கும் மேலான வாக்குகளோடு வென்றார். தானாக வந்து பதில் சொல்பவர்கள் ஊர் ஆகமாட்டார்கள். சாதிப் பிரச்சினையில் தானாக வருபவர்கள் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

## அவரவருக்கு என் பரிந்துரை

மாணவிக்கு மூன்று மாதத்தில் சதவீதம் தேட நேரமில்லை. இரண்டு தெருக்களில் தனித்தனியாக ஆறு குழு உரையாடல்களை நடத்தி, கூடவே பார்த்து எண்ணிய குறிப்புகளையும் வைத்தால் திடமான ஆய்வேடு அமையும். ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் எண்ணிக்கை கேட்டால் எத்தனை குழுக்கள், எத்தனை பேர் என்பதைச் சொல்லலாம். அதற்குமேல் கூறினால் அது பொய்யாகிவிடும்.

சிங்கப்பூர் நண்பர் சோதனையைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரே நாளில், ஒரே மாதிரியான சொற்களில், பெயர் மட்டும் மாற்றி விசாரிக்க வேண்டும். இருபது முப்பது வீடுகளோடு நிறுத்தினால் அது ஆதங்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இருநூறு விசாரிப்புகளாவது வேண்டும்.

வாசகர் வட்டத்து இளைஞர்களுக்குத்தான் என் மனம் அதிகம் கவலைப்படுகிறது, ஏனென்றால் ஆய்வு முடிந்த பின்னும் அவர்கள் அதே ஊரில் இருக்க வேண்டும். முதல் மாதம் பார்த்து எண்ணுங்கள். அடுத்து மூன்று நான்கு குழு உரையாடல்கள். அதன்பிறகு 400 வீடுகள். கணக்கெடுப்பை நீங்கள் செய்யாதீர்கள். உங்களை எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர் நண்பர்களை அனுப்புங்கள், பெண்களிடம் பெண்கள் கேட்கட்டும். பெயரும் செல்பேசி எண்ணும் சாதியும் ஒரே தாளில் இருக்கவே கூடாது. தெருவாரியாக முடிவை வெளியிடாதீர்கள். நாற்பது வீடுள்ள தெருவில் மூன்று வீடு மாறாகப் பதில் சொல்லியிருந்தால் அந்த மூன்று வீடு எது என்று ஊர் கண்டுபிடித்துவிடும். சாதி மாறி மணந்த மகளுடன் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கும் தாய் அதில் ஒருத்தியாக இருக்கலாம்.

கேள்வியில் 'ஆதரிக்கிறீர்களா' என்ற சொல் வேண்டாம். மகள் வேறு சாதியில் மணந்து பிள்ளையோடு வாசலில் வந்து நின்றால் அன்று இரவு எங்கே படுப்பாள் என்று கேளுங்கள். நான் சொன்ன அந்த வீட்டிலிருந்து திரும்பிய மாலை, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் தோழியும் எங்கள் வினாத்தாளில் ஒரு கேள்வியைத் தன் கையால் எழுதிச் சேர்த்தார்: 'கடந்த ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் யாருக்காவது வேறு டம்ளரில் தண்ணீர் கொடுத்தீர்களா?' மறுநாள் முதல் வீட்டில் அந்தக் கேள்வியை அவரே படித்தார். வீட்டுக்காரப் பெண் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு 'ஆமாம்' என்றார்.